முசஃபாவில் தனிமனிதன் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு

இதனால் சகலருக்கும், குறிப்பாகக் கலை உள்ளம் கொண்டோருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: அபுதாபி முசஃபா தொழிற்பேட்டையில், ஒரு கட்டுமானக் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில், தனிமனிதன் என்ற உயிரினம் வசித்துவருவது தக்க ஆதாரத்துடன் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அதுவும் ஒன்றிரண்டல்ல, கூட்டம் கூட்டமாக. ஒவ்வொருவருக்கும் தனி முகம் இருக்கிறது. பெயர் இருக்கிறது. சிலருக்குச் சொந்தமாக விருப்புவெறுப்புகள்கூட இருப்பதாகத் தெரிகிறது. இம்மாபெரும் உண்மையை உலகுக்கு வழங்கியவர் துபாய்வாழ் புகைப்படக் கலைஞர் திரு. விஜயபாஸ்கர் அவர்கள். அவருக்கு முன்பே பல வருடங்களாக அங்கே குடியிருந்தவர்களில் ஒருவர்கூட இதைக் கவனித்து வெளியுலகுக்குச் சொல்லவில்லை என்பது வருந்தத்தக்கது.

விஜயபாஸ்கர் வயிற்றுப்பாட்டுக்குப் பிரியாணியைப் படம் எடுப்பவர். ஹோட்டல் விளம்பரங்களில் சோற்றிலிருந்து ஆவி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆவி அவருடையது. இடையிடையே வீடு விற்கும் கம்பெனிகளுக்காக, யாரும் குடிவராத அடுக்குமாடிகளில் வாடகைக்குப் பிடித்த குடும்பங்களைச் சிரிக்கவைத்தும் எடுப்பார். இவ்வளவு ஆவியும் இவ்வளவு சிரிப்பும் எடுத்தபிறகு ஒரு மனிதனுக்கு ஆன்மா அரிக்கத்தான் செய்யும். அவருக்கு அரித்தது. தாடி வளர்த்தார். கறுப்பு வெள்ளைக்கு மாறினார். பிறகு ‘ஒரு கூரை, ஆயிரம் வானம்’ என்று ஒரு திட்டம் எழுதினார். கேம்ப்பின் கூட்டு வாழ்வையும் அதற்குள் ஒளிந்திருக்கும் தனித்துவத்தையும் படம் பிடிப்பது நோக்கம். கூரைக்குக் கீழே வானம் எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. கலையில் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

திட்டத்துக்குக் கம்பெனி உடனே சம்மதித்தது. கம்பெனியில் மகிழ்ச்சிப் பிரிவு என்று ஒன்று உண்டு. முன்பு அதற்கு வேறு பெயர். லீவு கேட்டால் இல்லை என்று சொல்லும். இப்போது அதே இல்லையை மகிழ்ச்சியாகச் சொல்லும். அதன் மேனேஜர் சங்கீதா ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் பேச ஆரம்பித்து ஆங்கிலத்தில் போய் இறங்குகிறவர். கெட்ட மனம் இல்லை. கெட்ட மனம் இருந்திருந்தால் யாராவது உஷாராகியிருப்பார்கள்.

ஒரு விடுமுறை நாளில் இருவரும் கேம்ப்புக்கு வருவதாக ஏற்பாடு. ஒரு மேடமும் கேமராவோடு ஒருத்தரும் அறைகளைப் பார்க்க வருகிறார்கள் என்று தலைமை அலுவலகத்திலிருந்து, கேம்ப்பை மேய்க்கும் ‘கேம்ப் பாஸ்’ பொன்னுச்சாமிக்குத் தகவல் வந்தது. பொன்னுச்சாமி நாமக்கல்காரர். அவருடைய அனுபவத்தில் மேடமும் கேமராவும் சேர்ந்து வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உடனே போனை எடுத்து ஒவ்வொரு மாடிக்கும் அந்தச் செய்தியைச் சொன்னார்.

“மாமனார் வர்றாருங்க.”

இன்ஸ்பெக்ஷனுக்கு அந்தக் கேம்ப்பில் மாமனார் என்று பெயர். மாமனார் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் அத்துப்படி. ரைஸ் குக்கர் சூட்கேஸுக்குள் போகும். ஊறுகாய் பாட்டில் ஷூவுக்குள் போகும். சாமி படம், பிள்ளைகள் படம், துணிக்கொடி, நீட்டிப்பு வயர் எல்லாம் போகும். மாமனாருக்கென்றே மடித்து வைத்திருக்கும் கம்பெனியின் வெள்ளை விரிப்பு கட்டிலில் ஏறும். முக்கியமாக, கட்டிலைச் சுற்றிக் கட்டியிருக்கும் திரைகள் அவிழ்ந்து தலையணை உறைக்குள் போகும். திரை கட்டுவது தீப் பாதுகாப்பு விதிக்கு விரோதம். கடைசியாக, ஆள் யூனிஃபாரத்தை மாட்டிக்கொண்டு கட்டிலோரம் நிற்பார்.

ஆக, மனிதர்களின் தனித்துவத்தைத் தேடி ஆவலோடு உள்ளே நுழைந்த விஜயபாஸ்கர் கண்டது, வெள்ளைக் கட்டில்களுக்குப் பக்கத்தில் நீல உடுப்பில் விறைத்து நின்ற, ஒரே அச்சில் வார்த்தெடுத்த ஆட்களை.

“செம க்ளீன், இல்ல?” என்றார் சங்கீதா.

விஜயபாஸ்கருக்கு முகம் தொங்கிவிட்டது. “எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்களே” என்றார். பிறகு, அருகில் நின்றவரிடம் கேட்டார். “அண்ணே, நீங்க எப்பவும் இப்படித்தான் இருப்பீங்களா?”

“எப்பவும் இப்பிடித்தேன் சார்.”

சொன்னவர் சோலைமுத்து. முதுகுளத்தூர்ப் பக்கம். சாரம் கட்டுகிற வேலை. பைப்பைப் பிடித்தால் பத்தாவது மாடிக்கு வெளியேயும் வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல நடப்பார்.

“ஓம், பிறந்த நாள் தொட்டு நாங்கள் இப்பிடித்தான்” என்றார் எதிர்க்கட்டில் தியாகராசா. யாழ்ப்பாணத்துக்காரர், கிரேன் ஓட்டுபவர். “பிறக்கேக்கையே நீல உடுப்போடதான் பிறந்தனாங்கள்.”

ஆனால் சோற்றாவியை ஆயுள் முழுக்கப் படம் எடுத்தவரை ஏமாற்ற முடியுமா. சோலைமுத்துவின் கட்டிலுக்கடியில் ஒரு சூட்கேஸ் விளிம்பிலிருந்து மெல்ல ஆவி வந்துகொண்டிருந்தது. விஜயபாஸ்கர் குனிந்தார். சூட்கேஸைத் திறந்தார். குக்கருக்குள் சோறு பதமாக வெந்திருந்தது.

சோலைமுத்து கண்ணை மூடிக்கொண்டார். விஜயபாஸ்கருக்கோ கண் கலங்கிவிட்டது. “இதுதான்” என்றார் சங்கீதாவிடம். “இதைத்தான் நான் தேடி வந்தேன்.”

பிறகு ஒரு மணி நேரம் சமாதானப் பேச்சு. நாங்கள் இன்ஸ்பெக்ஷன் இல்லை, கலை என்று விளக்கினார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தியாகராசா கேட்டார். இன்ஸ்பெக்ஷன் ஒளித்து வைத்ததைத் தேடும், கலை அதை வெளியே கொண்டுவரும் என்றார் விஜயபாஸ்கர். “வித்தியாசம் எனக்கு இன்னும் விளங்கேல்லை” என்றார் தியாகராசா.

“டோன்ட் வொரி அண்ணா. மேல அப்ரூவல் வாங்கியாச்சு. ஃபோட்டோ எடுக்கிறதுனால யாருக்கும் ஒரு ஆக்ஷனும் வராது. என் கேரண்டி” என்றார் சங்கீதா. கையை நெஞ்சில் வேறு வைத்தார்.

ஒவ்வொன்றாக எல்லாம் வெளியே வந்தது. ஷூவுக்குள்ளிருந்து ஊறுகாய். தலையணைக்குள்ளிருந்து திரைகள். பூப்போட்ட விரிப்பு, கைலி, தியாகராசாவின் கால்பந்தாட்டப் படம் போட்ட துணி, மேல்கட்டில்காரர் ஏசி குழாயிலிருந்து கம்பி இழுத்துத் தொங்கவிட்ட பச்சைப் போர்வை. அறை ஒரு சின்னச் சந்தை மாதிரி ஆகிவிட்டது. விஜயபாஸ்கர் கேமராவைக் கீழே வைக்கவில்லை.

சோலைமுத்து மட்டும் தலையணையைத் தொடவில்லை.

அந்தத் தலையணைக்குள் இருந்தது ஜெயலட்சுமியின் சுங்குடிச் சேலை. கல்யாணமானவர்கள் லீவு முடிந்து திரும்பும்போது மனைவியின் சேலை ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவது கேம்ப் வழக்கம். நைலக்ஸ் ஆகாது, விளக்கைப் போட்டால் உள்ளே இருப்பது வெளியே தெரியும். பழகிய பருத்திச் சேலைதான் சரி. சோலைமுத்து சென்ற தடவை ஊருக்குப் போனபோது ஜெயலட்சுமியே அடர்நீலச் சுங்குடி ஒன்றை எடுத்து, ஓரத்தை மடித்துக் கம்பி நுழைகிற அளவுக்குத் தைத்துக் கொடுத்தாள். கொடுத்தபோது ஒன்று சொன்னாள். “இந்தச் சேலைக்குள்ள நாம ரெண்டு பேருதேன். மூணாவது கண்ணு பட்டுச்சு, நான் போன்ல வரமாட்டேன்.”

அதற்கு முன்பு அவள் வீடியோவில் வந்ததே இல்லை. குரல் மட்டும்தான். எட்டுப் பேர் படுக்கிற அறையில் யார் எந்தக் கோலத்தில் குறுக்கே போவார்களோ, தன் முகத்தை யார் யார் பார்ப்பார்களோ என்று அவளுக்கு உடம்பு கூசும். திரை வந்தபிறகு வந்தாள். வாரிய தலையோடு வந்தவள் பிறகு வாராத தலையோடும் வந்தாள். அடுப்படியில் டப்பாமேல் போனைச் சாய்த்துவைத்து மீன் அலசினாள். கையில் எண்ணெய் தெறித்த இடத்தைக் காட்டினாள். மாமியாரைப் பற்றி மெதுவான குரலில் நிறையச் சொன்னாள். சில நாள் இருவரும் ஒன்றும் பேசாமல் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். சோலைமுத்துவுக்குக் குடும்பம் என்று ஒன்று அந்தச் சேலைக்குள்தான் நடந்தது.

அதனால் திரைக்கென்று அறையில் மரியாதை இருந்தது. மூடியிருக்கும் திரையை யாரும் தொட மாட்டார்கள். கூப்பிட வேண்டுமென்றால் கட்டில் கம்பியை விரலால் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளிருந்து பதில் வராவிட்டால் போய்விட வேண்டும். தீப்பிடித்தால்கூட முதலில் தட்டுவோம் என்பார் தியாகராசா.

“உங்க திரை எங்கண்ணே?” என்றார் விஜயபாஸ்கர்.

“எனக்கு வேணாம் சார். என்னைய விட்ருங்க.”

“அண்ணே, இந்தப் படத்தைப் பெரிய பெரிய ஆளுங்க பார்க்கப் போறாங்க. ஒரு மனுஷனுக்கு மறைப்பு எவ்வளவு தேவைன்னு அப்பத்தான் அவங்களுக்குப் புரியும். நாளைக்கே கட்டிலுக்குக் கட்டில் பலகைத் தடுப்பு போட்டுக் கொடுக்கலாம்னு தோணும்.”

“தோணுமா சார்?”

“தோணணும்ணே. அதுதானே கலையோட வேலை.”

பலகைத் தடுப்பு. சோலைமுத்து சங்கீதாவைப் பார்த்தார். சங்கீதா பெரிதாகத் தலையாட்டினார். ஏசிக் காற்றில் ஆடாத, மாமனார் வந்தாலும் அவிழ்க்கத் தேவையில்லாத ஒரு சுவர். அதைத் தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வரும். ஜெயலட்சுமிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கவிட்டால் போதும்.

சேலையை எடுத்துக் கட்டினார். “மூடித்தேன் இருக்கணும் சார். வெளிய நின்னு எடுத்துக்கங்க” என்றார்.

“கண்டிப்பாண்ணே.”

வெளியே நின்று நாலைந்து எடுத்தார். பிறகு, நீங்கள் உள்ளே உட்கார்ந்து போனைப் பாருங்கள், துணியில் வெளிச்சம் மட்டும் தெரியட்டும் என்றார். சோலைமுத்து உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். துணியில் நீல வெளிச்சம் விழுந்தது. விஜயபாஸ்கர் ஓரடி முன்னால் வந்தார். இன்னொரு அடி வந்தார். இடது கையால் சேலையைச் சரக்கென்று விலக்கி, வலது கையால் அழுத்தினார்.

முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, திடுக்கிட்டுப் பார்க்கும் சோலைமுத்து. தலைக்குமேல் முருகன் படம். காலடியில் நீட்டிப்பு வயர். அந்தப் படம் அப்படித்தான் பிறந்தது.

“சார், கம்பியத் தட்டணும்” என்றார் சோலைமுத்து.

“சாரிண்ணே. தட்டியிருந்தா இந்த முகம் கிடைச்சிருக்காது.”

“விடும் சோலைமுத்து” என்றார் தியாகராசா. “அவர் கலைஞர். கக்கூசுக்கும் தட்டாமல்தான் போவார்.”

விஜயபாஸ்கர் சிரித்தார். தன்னைக் கிண்டல் செய்யும் அளவுக்கு இவர்கள் தன்னை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று அன்றிரவு முகநூலில் உருகி எழுதினார்.

விஜயபாஸ்கரின் படங்களுக்கு ஒரு கண்காட்சி ஏற்பாடாயிற்று, அதன் அழைப்பிதழ் அட்டையில் அந்தப் படம்தான். கம்பெனியின் மேலதிகாரிகள் எல்லோருக்கும் அழைப்பிதழ் போனது. பாதுகாப்புப் பிரிவுத் தலைவருக்கும் போனது. அவருக்குக் கலையுணர்வு கிடையாது, ஆனால் கணினியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தெரியும். அவர் கண்ணில் தனிமனிதன் படவில்லை. தீப்பிடிக்கும் துணி பட்டது, அதை உரசிக்கொண்டு ஓடும் மின்வயர் பட்டது. பார்க்க வேண்டியது அவர் வேலை. வயருக்குப் பதில் சுவரில் ஒரு பிளக் வைத்துக் கொடுக்கலாம், துணிக்குப் பதில் தீப்பிடிக்காத திரை வாங்கிக் கொடுக்கலாம், அந்தப் பலகைத் தடுப்பையே போட்டுவிடலாம். அதெல்லாம் யார் வேலை என்பது இன்றுவரை தெரியவில்லை. மெயில் பறந்தது. கேம்ப் முழுக்க, எல்லாத் திரைகளையும் உடனடியாக நீக்கவும்.

சங்கீதாவின் கேரண்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது அப்படியே இருக்கிறது. படம் எடுத்ததற்காக ஆக்ஷன் வராது என்றுதான் அவர் சொல்லியிருந்தார். இது படத்தைப் பார்த்ததற்காக வந்த ஆக்ஷன்.

ஆட்கள் சைட்டில் இருந்தபோது பொன்னுச்சாமி ஆள் வைத்துத் திரைகளை அவிழ்த்துக் கறுப்புக் குப்பைப் பைகளில் கட்டிவிட்டார். மாலையில் பஸ் வந்து நின்றதும் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“என்னை என்னங்க பண்ணச் சொல்றீங்க?” என்றார் பொன்னுச்சாமி. “இத்தனை வருஷமா நான் கண்ணை மூடிட்டுத்தானுங்க இருந்தேன். மாமனார் வந்தா சொன்னேனா இல்லையா? நீங்களே அவுத்து எடுத்துக் காட்டி, அதை அட்டையில போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பிட்டா, நான் எந்தக் கண்ணை மூடறதுங்க?”

“எஞ் சேலை எங்க?” என்றார் சோலைமுத்து.

“ஆபீசுல கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க. எல்லாப் பையும்.”

“எதுக்கு?”

“எனக்கென்னங்க தெரியும். குப்பையைக்கூட வண்டி வச்சு எடுத்துட்டுப் போறாங்க.”

அன்று வழக்கமான நேரத்தில் ஜெயலட்சுமி வந்தாள். வந்ததும் புருவம் சுருங்கியது.

“ஏங்க, பின்னாடி யாரு?”

“தியாகராசாண்ணே.”

“துண்டோட நிக்கிறாக.”

“குளிக்கப் போறாரு புள்ள.”

“மேல இருந்து காலு தொங்குது. யார் காலு? திரை எங்கங்க?”

“கழட்டிட்டாங்க.”

“நான் தச்ச சேலைய யாரு கழட்டுனது?”

“கம்பெனி.”

அவள் கேமராவை அணைத்துவிட்டாள், போனில் இருட்டு. குரல் மட்டும் வந்தது. “பேசுங்க.”

“என்னத்தப் பேச. எல்லாரும் இருக்காக.”

“அதேன். நானும் என்னத்தப் பேச.”

தியாகராசா சோப்பைத் தேடுவதை நிறுத்திவிட்டு ஈரமில்லாத உடம்போடு வெளியே போய் நின்றார். அவர் போனது ஜெயலட்சுமிக்குத் தெரியாது.

மறுநாள் சோலைமுத்து மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏற்கெனவே வரிசையாக ஆண்கள், ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்து நின்று, வாயைக் கையால் மறைத்துக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ தண்டனை மாதிரி இருந்தது. படிக்கட்டிலும் அதே கூட்டம். கேம்ப் முழுக்க மனைவிமார் குரல்களாகச் சுருங்கிப்போனார்கள்.

சோலைமுத்து விஜயபாஸ்கருக்கு போன் செய்தார். விஜயபாஸ்கர் உண்மையிலேயே துடித்துப்போனார். “அண்ணே, இது வன்முறை. இதை நாம சும்மா விடக் கூடாது. கலையால பதில் சொல்லணும்.”

“எனக்குப் பதில் வேணாம் சார். சேலை எங்க இருக்கு?”

“பத்திரமா இருக்குண்ணே. நான்தான் கேட்டு வாங்கினேன். குப்பையில போட இருந்தாங்க. கண்காட்சிக்கு வாங்க, நீங்களே பார்ப்பீங்க.”

“அந்தப் பலகை மேட்டர் சார்?”

“அதெல்லாம் வரும்ணே. முதல்ல விழிப்புணர்வு வரட்டும்.”

கண்காட்சி அபுதாபி நகரத்துக்குள், கடலைப் பார்த்த ஒரு கூடத்தில். கேம்ப்பிலிருந்து சிலரை மட்டும் சிறப்பு விருந்தினராக பஸ்ஸில் ஏற்றிப் போனார்கள். பஸ்ஸிலேயே ஆளுக்கொரு பனியன் கொடுத்து மாட்டச் சொன்னார்கள். ‘நான் தனித்துவமானவன்’ என்று நெஞ்சில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. தியாகராசாவுக்கு வயிறு தெரிந்தது. சோலைமுத்துவுக்குத் தொடைவரை வந்தது.

உள்ளே பழச்சாறு கொடுத்தார்கள். சுவர் முழுக்கப் படங்கள். தியாகராசா அருகிலிருந்த ஊறுகாய் பாட்டில் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “உந்தப் போத்தல் என்னைவிட வடிவாய் விழுந்திருக்கு” என்றார். மேடையில் விஜயபாஸ்கர் பேசினார். இந்த மக்கள் எனக்கு வாழக் கற்றுக்கொடுத்தார்கள் என்றார். தான் அவர்களோடு ஒரு விடுமுறை நாள் முழுவதையும் கழித்ததாகச் சொன்னபோது குரல் உடைந்தது. முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்தார். சங்கீதா தன் கம்பெனியின் கனவைப் பற்றிச் சொன்னார். அடுத்து, கூடத்தின் நடுவே மூடி வைத்திருந்த ஒன்றைத் திறந்துவைத்தார்கள்.

சாரம். கம்பெனி யார்டிலிருந்தே கொண்டுவந்த பைப்புகள், கிளாம்புகள். உச்சியிலிருந்து கேம்ப்பின் திரைகள் எல்லாம் தொங்கின. கைலி, போர்வை, கால்பந்து, பூ விரிப்பு. நட்டநடுவில், ஒரு இரும்புக் கட்டிலைச் சுற்றி, நீலச் சுங்குடி. படைப்பின் பெயர் ‘இல்லாத சுவர்கள்’.

பார்வையாளர்கள் அனுபவித்துணர வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவர் ஒருவராகச் சேலையை விலக்கி உள்ளே போனார்கள். கட்டிலில் உட்கார்ந்து, சேலையை இழுத்து மூடி, தனிமையை உணர்ந்து, அதை செல்ஃபியும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருவர் பழச்சாறோடு போய் வந்தார். ஒரு ஜோடி சிரித்துக்கொண்டே போய் இன்னும் அதிகமாகச் சிரித்துக்கொண்டு வந்தது.

சோலைமுத்து பார்த்துக்கொண்டே நின்றார். சேலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது.

“அண்ணே, என்ன போட்டிருக்கு அதுல?”

தியாகராசா படித்தார். “விடும். வாரும், அங்கால போவம்.”

“சொல்லுங்க.”

“பெயர் தெரியாத ஒரு பெண்ணின் சேலை. பருத்தி.”

சோலைமுத்து சாரத்துக்குப் பக்கத்தில் போனார். உள்ளே ஆள் இருந்தது. பைப்பை விரலால் தட்டினார். “கம் இன், கம் இன்” என்று உள்ளிருந்து ஒரு பெண் குரல் உற்சாகமாக வந்தது. அவர் போகவில்லை. அந்தப் பெண்மணி சாவகாசமாகப் படம் எடுத்து முடித்து வெளியே வரும்வரை தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்.

பிறகு பைப்பைப் பிடித்து ஏறினார். கூட்டம் நிமிர்ந்து பார்ப்பதற்குள் உச்சியில் இருந்தார்.

“அண்ணா, ப்ளீஸ். கீழ வாங்க அண்ணா” என்றார் சங்கீதா.

“அண்ணே, தொடாதீங்க” என்றார் விஜயபாஸ்கர். “அது இப்ப துணி இல்லண்ணே. அது ஒரு படைப்பு.”

“எம் பொண்டாட்டி கட்டிக் கிழிஞ்ச சேலை சார் இது” என்றார் சோலைமுத்து மேலிருந்து. “கீழ யாரோ பொம்பளைன்னு எழுதி வச்சிருக்கீக.”

“அது ஒரு கான்செப்ட்ண்ணே. பெயர் இல்லாம இருந்தாதான் எல்லாப் பெண்களுக்கும் பொதுவா…”

“பொதுவா?” சோலைமுத்துவின் கை கம்பியில் நின்றது. “உங்க வீட்டு அம்மா சேலைய இப்பிடித்தேன் பொதுவா கட்டித் தொங்க விடுவீகளா? கட்டுங்க. நாங்க பூராப் பேரும் வர்றோம். ஒவ்வொருத்தனா உள்ள போய் உக்காந்துட்டு வர்றோம். தட்டாமயே போறோம்.”

கூட்டத்தில் பெரும்பாலோருக்குத் தமிழ் புரியவில்லை. புரிந்த மூன்று நான்கு பேர் காலணியைப் பார்த்துக்கொண்டார்கள். சோலைமுத்து கம்பியை உருவினார். சேலையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். அவர் கால் தரையில் பட்டதும் முன்வரிசைப் பெண்மணி கைதட்ட ஆரம்பித்தார். நிகழ்ச்சியின் உச்சம் இதுதான் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. கூடமே எழுந்து நின்று தட்டியது.

“இதுல கை தட்டுறதுக்கு என்ன இருக்கு?” என்றார் சோலைமுத்து. அவர் முகத்தைப் படம் எடுக்க போன்கள் நெருங்கின. எல்லாவற்றுக்கும் முன்னால் விஜயபாஸ்கரின் கேமரா.

சங்கீதா ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “சூப்பர் அண்ணா. சோ ரியல்.”

“மேடம், அந்தப் பலகைத் தடுப்பு.”

“ஃபீட்பேக்கா எடுத்துக்கிறோம் அண்ணா.”

அதே பஸ்ஸில் திரும்பினார்கள். சேலையில் யார் யாருடைய சென்ட் வாசனையோ கலந்து அடித்தது. தியாகராசா பனியனைக் கழற்றிச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே எறியப் போனார், பிறகு குளித்துவிட்டுக் கால் மிதிக்க ஆகும் என்று வைத்துக்கொண்டார். கேம்ப் வாசலில் பொன்னுச்சாமி நின்றார். சேலையைப் பார்த்தார்.

“மடிச்சுப் பெட்டிக்குள்ள வச்சிருங்க” என்றார் தணிந்த குரலில். “கட்டிராதீங்க. தினமும் ரவுண்ட்ஸ் வர்றாங்க. இப்ப சொல்லிட்டெல்லாம் வர்றதில்லீங்க.”

சோலைமுத்து சேலையைத் துவைத்து, காயவைத்து, மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

அடுத்த மாதம் ஒரு கலைப் பத்திரிகை, படைப்புக்கும் பார்வையாளனுக்கும் நடுவே காலம் காலமாக நின்ற திரையை விஜயபாஸ்கர் கிழித்தெறிந்துவிட்டார் என்று மூன்று பக்கம் எழுதியது. சாரத்தின் உச்சியில் சோலைமுத்து நிற்கும் படம் பெரிதாக வந்தது. தனிமனிதனின் மறைவிடம் குறித்த உலகளாவிய உரையாடலை அது தொடங்கிவைத்திருப்பதாகவும், கண்காட்சி லண்டன், பெர்லின் என்று அடுத்தடுத்துப் பயணிக்க இருப்பதாகவும் கடைசி வரியில் கண்டிருந்தது.

ஜெயலட்சுமி வீடியோவில் வருவதில்லை.